மூத்தவங்க மாட் மொதல்ல

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து இன்னும் பஜ்ஜிகூட ஆறவில்லை. அதற்குள் யாளி சைவமா அசைவமா என்பதில் தகராறு வந்துவிட்டது.

"ஆட்டத்துக்குள்ளயே ஆனாலும், என்ற மருமகளா வரப்போறவ கறி திங்கற மிருகத்துக்குப் பக்கத்துல நிக்கறது எனக்கு ஒப்பலீங்" என்றார் குணவதி அம்மாள். வட்ட முகமும் பெரிய மூக்குத்தியுமாக இருந்த இவர் மாப்பிள்ளையின் தாயார்.

"யாளின்னா கறிதானுங்க திங்கும்? அதுக்குத் தயிர்சாதமா பெசஞ்சு போடுவாங்க?" என்றார் பெண்ணின் பெரியப்பா நாச்சிமுத்து.

"போடட்டுமே. போட்டா என்னங்கறேன்?"

திருப்பூரில் அந்தச் சுபமங்கள ஆட்டக்கூடத்துக்குப் போனவர்களுக்கு இந்த மாதிரிப் பேச்சு புதிதில்லை. கீழே கல்யாண மண்டபம், மாடியில் ஆட்டக்கூடம். மாடியில் ஆடிப் பார்த்துப் பொருந்தியவர்கள் கீழே இறங்கித் தாலி கட்டிக்கொள்ளலாம். முன்பு ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த ஜனங்கள் இப்போது குல்லாவைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்யாணப் பெண் ரங்கநாயகி மூலையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தாள். சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற ஆலையில் பொறியாளர். தலையைக் குனிந்திருந்தாளே தவிர, காதைக் குனியவில்லை.

கூடத்தை நடத்துகிற சாதிக் பெரிய திரையைத் தட்டிவிட்டு, எத்தனையோ முறை சொன்னதை மறுபடி சொன்னான்.

"எண்டிசைங்கறது ஒரு பெரிய உலகமுங்கய்யா. மலை, காடு, ஆறு, ஊரு, சந்தை எல்லாம் இருக்கும். எந்தப் பக்கம் வேணுமின்னாலும் போகலாம். குல்லாவ மாட்டுன நிமிசத்துல இது ஆட்டமுங்கறதே மறந்துரும். பேரு ஞாபகம் இருக்கும், குணம் அப்படியே இருக்கும். நடிக்கோணுமுங்கற நெனப்பு மட்டும் வராது. இங்க ஒரு மத்தியானம், அங்க ஒரு வருசம். வெளிய வந்ததும் எல்லாம் ஞாபகம் வரும்."

"சரியா வரலீன்னா மறுபடி ஆடிக்கலாமில்ல?" என்றார் பெண்ணின் அப்பா நல்லசிவம்.

"ஆடலாமுங்க. ஆனா மறுக்கா மாட்டுனா மூளைக்குத் தெரிஞ்சு போகும், ஓ, ஆட்டமுன்னு. அப்பறம் எல்லாரும் நல்லவங்கதான். அதனாலதான் மொத ஆட்டத்த மட்டும் கணக்குல எடுக்கறாங்க."

"உள்ள நடக்கறத இந்தத் திரையில பாக்க முடியாதா தம்பி?"

"முடியாதுங்க. அது அவங்க ரெண்டு பேருக்கு மட்டும்."

இந்த ஒரு விஷயம்தான் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் ஒரு வருஷம் எங்கோ வாழப்போகிறார்கள், எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல்கூட இல்லை என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதற்குத்தான் மாட்கள் இருந்தன. அந்த உலகத்தை நம் வசதிக்குத் திருத்துகிற சின்னச் சின்னச் சேர்க்கைகள். ஆட்களை மாற்ற முடியாது, ஆனால் ஆட்களைச் சுற்றியுள்ளதை மாற்றலாம். வெயில் வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம், திருடன் வேண்டாம் என்றாலும் எடுத்துவிடலாம். உள்ளே எட்டிப் பார்க்க முடியாதவர்கள், வெளியில் இருந்தபடியே உள்ளே கைவிட்டுக் குடைந்தார்கள்.

குணவதி அம்மாள் யாளிக்குச் சைவ மாட் கேட்டதோடு நிற்கவில்லை. "மாமியார் மாட் ஒண்ணு இருக்குதாமே. நம்ம மொகத்தக் குடுத்தா, உள்ள அதே மொகத்துல ஒரு பெரிய மனுசி வந்து புத்திமதி சொல்லுமாமே. அது போடுங்க."

மாப்பிள்ளையின் தாய்மாமன் ராக்கியப்பன், கூடத்திலேயே வயதில் மூத்தவர், தொண்டையைச் செருமினார். "எந்த வூட்லயும் பெரியவங்க இல்லாம இருக்கக்கூடாது. அதுக்கு ஒரு மாட்."

"பொழுது சாஞ்சா பொம்பளப் புள்ள வூட்டுக்குள்ள இருந்தாகோணும்" என்றார் பெரியப்பா.

"கெட்டவன் ஒருத்தனும் என்ற புள்ளைய நெருங்கக்கூடாது" என்றார் அப்பா.

"தனித்தனிப் பாய்?" என்று குணவதி அம்மாள் சந்தேகமாகக் கேட்டார்.

"அது கம்பெனியிலயே வருதுங்கம்மா" என்றான் சாதிக்.

அப்போதுதான் ரங்கநாயகியின் அக்கா புருஷன் சுதாகர் சிரித்த முகத்தோடு வாயைத் திறந்தான். கூட்டத்தில் அவனைப் போல் மரியாதை தெரிந்தவன் கிடையாது. வந்தவர்களுக்கெல்லாம் எழுந்து நின்று நாற்காலி போட்டவன் அவன்தான். "எங்க ஆட்டத்துல மழை இல்லாத மாட் போட்டிருந்தோமுங்க. வருசம் பூராவும் இளவெயில். அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு. அதையும் போட்டுருங்க."

ரங்கநாயகிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மங்கை, வளையல்களை மணிக்கட்டுக்கு இறக்கிவிட்டுக்கொண்டாள். எதை மறைக்க இறக்குகிறாள் என்பது தங்கைக்கு மட்டும் தெரியும்.

"மழை வேண்டாங்கற அந்த மாட் மட்டும் ஒத்துக்காதடி" என்று முணுமுணுத்தாள். "எங்க ஆட்டத்துல இவரு ஒருநாளும் நனையல, ஒருநாளும் தோக்கல, ஒருநாளும் பசியில இருக்கல. தங்கமான மனுசன்னு நம்பி இறங்கி வந்தேன். கல்யாணம் ஆயி மொத மழையில வண்டி நின்னு போச்சு. அன்னிக்குத்தான் இவரு யாருன்னு தெரிஞ்சுது."

ரங்கநாயகிக்கு வேண்டியது இது ஒன்றுதான். எதிரே உட்கார்ந்து மிக்சரில் இருக்கும் வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருக்கும் இந்த மாப்பிள்ளை திருமூர்த்தி, நனைந்தால், தோற்றால், ஏமாற்றப்பட்டால் என்ன செய்வான்? கையை ஓங்குவானா? அதைத் தெரிந்துகொள்ள ஆயுளில் ஒரே ஒரு ஆட்டம்தான். அந்த ஆட்டத்துக்குத்தான் இத்தனை பேர் சேர்ந்து பஞ்சு மெத்தை தைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாட் எதுவுமே வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் பெரியப்பாவுக்கு ரத்த அழுத்தம் ஏறும், அப்பாவுக்குக் கண் கலங்கும், கடைசியில் அவர்கள் சொன்னதுதான் நடக்கும். ஆகவே அவள் முகத்தில் தேனைத் தடவிக்கொண்டாள்.

"எல்லாத்தையும் போட்டுரலாமுங்க" என்றாள். "பெரியவங்க நம்ம நல்லதுக்குத்தான சொல்றாங்க."

கூடம் குளிர்ந்துவிட்டது. மங்கை மட்டும் அவள் தொடையைக் கிள்ளினாள்.

"அடுக்கு எப்படிப் போடட்டுமுங்க?" என்றான் சாதிக், கொஞ்சம் கலவரத்தோடு. "இத்தனைய ஒண்ணாப் போட்டா வரிசை முக்கியமுங்க. ஒண்ணுக்கொண்ணு இடிச்சா பின்னால போட்டதுதான் செல்லும். எது எதோட சேரும், சேராதுன்னு பாத்துத்தான்..."

"அதுல என்னங்க கொழப்பம்?" ரங்கநாயகியின் குரலில் தேன் சொட்டியது. "வயசு வரிசைதான். மூத்தவங்க சொன்ன மாட் மொதல்ல. அப்பறம் அடுத்தவங்க."

"அப்படிச் சொல்லு என் தங்கமே!" என்று நாச்சிமுத்து தொடையில் தட்டினார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று குணவதி அம்மாள் உருகிப்போனார். கல்லூரி விடுதியில் ரங்கநாயகி ராத்திரி பகலாக, குல்லா இல்லாத கணினித் திரையில், இந்த மாதிரி உலகங்களில் மாட் போட்டு, அடுக்கு தவறி, ராஜா தலைகீழாகச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. வயதுப்படி மாட் அடுக்கினால் உலகம் கோணிக்கொள்ளும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். கோணட்டும் என்றுதான் சொன்னாள்.

சாதிக் தலையைச் சொறிந்தான். "இல்லீங்கம்மா, இது பந்தி மாதிரி இல்ல..."

"தம்பி, எங்க சமூகத்துல மூத்தவங்களுக்கு மொதல்ல எல போட்டுத்தான் பழக்கம்" என்று ராக்கியப்பன் முடித்துவிட்டார். அதற்குப் பிறகு நல்லசிவத்துக்கும் குணவதி அம்மாளுக்கும் யார் மூத்தவர் என்பதில் ஒரு சின்ன உரசல். குணவதி அம்மாள் தன்னை இளையவளாக அறிவித்து, மாட் வரிசையில் பின்னால் போக மகிழ்ச்சியோடு சம்மதித்தார். எல்லாரிலும் இளையவனான சுதாகரின் மழை மாட் கடைசியில் ஏறியது.

திருமூர்த்தி குல்லாவைக் கையில் வாங்கியபோதுதான் முதல்முறையாக வாயைத் திறந்து, "உள்ள கடலை கிடைக்குமுங்களா?" என்று கேட்டான். சுத்த அப்பாவியா, அமுக்கமான ஆளா என்று ரங்கநாயகியால் தீர்மானிக்க முடியவில்லை. பார்த்துவிடலாம் என்று குல்லாவை மாட்டினாள்.

அதோடு எல்லாம் மறந்துபோனது.

எண்டிசையில் அவர்கள் ஒரு சிற்றூருக்கு வாழ வந்த ஜோடி. பொழுது விடிந்து பார்த்தால் வாழைத் தோட்டம் முழுக்க யாளிகள். யானைத் துதிக்கையும் சிங்கப் பிடரியுமாக நின்று வாழைத்தண்டை மென்றுகொண்டிருந்தன. விரட்டினால் கோபிக்காமல் ஓரமாக நகர்ந்து நின்று மென்றன.

வீட்டுக்குள் ஒரு பெரிய மனுஷி இருந்தார். வட்ட முகம், பெரிய மூக்குத்தி. "ஏன் கண்ணு, இப்படி எளச்சுப் போயிட்டே?" என்றார். பக்கத்து வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே முகம், அதே மூக்குத்தி, அதே கேள்வி. மளிகைக் கடையிலும் அவர்தான். காட்டில் கொள்ளைக்காரர்களின் குகைக்குள்ளும் அவர் உட்கார்ந்து, கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவனிடம் நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார். உலகம் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று இருவரும் ஏற்றுக்கொண்டார்கள்.

கொள்ளைக்காரர்களுக்கும் ஒரு சங்கடம் இருந்தது. ரங்கநாயகி பத்தடிக்குள் நெருங்கினால் அவர்கள் தாமாகவே பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு போய் ஆற்றில் விழுந்தார்கள். முதலில் அவள் பயந்தாள். பிறகு தினமும் காலையில் போய் ஒரு நாலு பேரையாவது ஆற்றில் தள்ளிவிட்டு வருவதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டாள். திருமூர்த்தி கரையில் உட்கார்ந்து விழுந்தவர்களை எண்ணிச் சொல்வான். அவன் எண்ணுவதில் எப்போதும் இரண்டு மூன்று கூடுதலாக இருக்கும். ஆசாமிக்கு லேசாகப் புளுகுகிற சுபாவம் இருந்தது, அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

பொழுது சாய்ந்தால்தான் வேடிக்கை. அவள் வீட்டுக்குப் போகவேண்டியதில்லை, வீடு அவளிடம் வந்தது. வயலில் நின்றாலும் சரி, ஆற்று நடுவில் நின்றாலும் சரி, கருக்கல் ஆனதும் ஒரு முழு வீடு, ஓட்டுக்கூரையும் மூக்குத்தி அம்மாளுமாக, அவளைச் சுற்றித் தொப்பென்று இறங்கும். விடிந்ததும் அவள் வெளியேறிவிடுவாள், வீடு அங்கேயே நின்றுவிடும். மாலையில் அடுத்த வீடு. கொஞ்ச நாளில் அவள் போன தடமெல்லாம் ஒரே மாதிரி வீடுகளாக முளைத்துக் கிடந்தன.

புரட்டாசி பிறந்தது. மழையும் தொடங்கியது, கீழிருந்து. மேலேயிருந்து விழக்கூடாது என்றுதான் உத்தரவு, எழும்பக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தரையிலிருந்து துளிகள் கிளம்பி வானத்துக்குப் போயின. குடையைக் காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு ஊர் தத்தித் தத்தி நடந்தது.

அப்படி ஒரு சாயங்காலம், வீடு இறங்குகிற நேரத்தில் திருமூர்த்தி அவளுக்கு மிக அருகில் நின்றுவிட்டான். வீடு இறங்கி முடித்தபோது அவன் சுவரில் இருந்தான். தலையும் ஒரு கையும் வீட்டுக்குள், மற்றதெல்லாம் வெளியே.

"வலிக்குதுங்களா?"

"வலிக்கல. ஆனா காலு நனையுது."

கடப்பாரை போட்டுப் பார்த்தாள், சுவர் அசையவில்லை. யாளி ஒன்று முட்டினால் இடியும் என்று தோன்றியது. தோட்டத்து யாளிகள் மழைக்கு மலையடிவாரம் போயிருந்தன. "ஒண்ணப் புடிச்சுக்கிட்டு இதோ வந்தர்றேன்" என்று விடிந்ததும் கிளம்பினாள். அப்போது உண்மையாகத்தான் சொன்னாள்.

அடிவாரத்தில் யாளியின் முதுகில் ஏறி உட்கார்ந்தபோது, அதன் பிடரிக்கு மேலே மலை தெரிந்தது. மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும்? ஒரு எட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்தாள். அந்தப் பக்கம் ஒரு பள்ளத்தாக்கு, அதற்கும் அந்தப் பக்கம் கடல். திருடன் பயம் இல்லை, தங்க இடம் தேடவேண்டியதில்லை, எங்கே போனாலும் சோறு போட ஒரு மூக்குத்தி தயார். அப்பாவும் பெரியப்பாவும் கேட்டு வாங்கிப் போட்ட காவல் அவளுக்கு யாரும் தேவையில்லை என்று ஆக்கிவிட்டது. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் வாய்த்ததில்லை. சுவரில் இருப்பவன் நினைவு வரும்போதெல்லாம், நாளைக்குத் திரும்பிவிடலாம் என்று சொல்லிக்கொண்டாள்.

திரும்பியபோது மழைக்காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது.

ஊர் எல்லையிலேயே ஜனங்கள் மாலையோடு நின்றார்கள். புருஷனைச் சுவரிலிருந்து விடுவிக்க ஏழு கடல் தாண்டி மூலிகை தேடிப் போன உத்தமி என்று அவளைக் கும்பிட்டார்கள். பெண்டாட்டி விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று சொல்ல வெட்கப்பட்டு, திருமூர்த்திதான் சுவரில் இருந்தபடியே இந்தக் கதையைக் கட்டிவிட்டிருந்தான். யாளி முட்டிச் சுவர் இடிந்தது. அவன் எழுந்து உடம்பை உதறினான். இடுப்புக்குக் கீழே தண்ணீரில் ஊறி வெளுத்துப்போயிருந்தான்.

அவள் காத்திருந்தாள். அவன் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. வலது கையை இடது கக்கத்தில் செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். அவ்வளவுதான். அப்படியே கார்த்திகை போனது, மார்கழி போனது. கேட்டால் பதில் இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சாப்பிட்டான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அவளுக்கும் பரிமாறினான். அவள் யாளியை அவிழ்த்து விட்டுவிட்டு, எங்கும் போகாமல் பக்கத்தில் கிடந்தாள். மலை கூப்பிடத்தான் செய்தது. தை பிறந்து ஒரு நாள், அவன் தானாகவே திரும்பி, "அந்தக் கடல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான்.

குல்லா கழன்றது.

மாடியில் பஜ்ஜித் தட்டுகளை எடுத்துவிட்டிருந்தார்கள். எல்லாரும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"உள்ள என்னைய மாதிரி ஒரு மாமியா இருந்தாளா கண்ணு?"

"இருந்தாங்கத்தை. ஊரு பூராவும்" என்றாள் ரங்கநாயகி. அவனைச் சோதிக்கத்தான் உலகத்தையே கோணலாக்கினாள். தன் தலையிலும் ஒரு குல்லா ஏறப்போகிறது, தன் குணமும் வெளியே வரும் என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை. கூடவே இருப்பவன் அகப்பட்டுக்கொண்டால் விட்டுவிட்டுப் போகிறவள் தான் என்று இப்போது தெரிந்துவிட்டது. அவனுக்கும் தெரியும். அவமானமாக இருந்தது.

வழக்கப்படி மாப்பிள்ளையை முதலில் கேட்டார்கள். திருமூர்த்தி குல்லாவை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்குச் சம்மதமில்லீங்" என்றான்.

கூடம் கொந்தளித்தது. உள்ளே என்னடா நடந்தது என்று ராக்கியப்பன் எகிறினார்.

"ஒண்ணும் நடக்கலீங் மாமா. அவங்க மேல ஒரு தப்பும் இல்லீங். எனக்குத்தான் அந்த ஊரு ஒத்துக்கல."

இங்கேயும் புளுகுகிறான். அவளைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காகப் புளுகுகிறான். ரங்கநாயகியால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அவரு பொய் சொல்றாருங்" என்று எழுந்தாள். "அவரு செவுத்துல மாட்டிக்கிட்டாரு. நான் விட்டுட்டு ஊரு சுத்தப் போயிட்டேன். வருத்தமே இல்லாமப் போனேன். மாட் எல்லாத்தையும் வயசு வரிசையில போடச் சொன்னதும், ஒண்ணோடொண்ணு இடிச்சு ஒடையோணும்னுதான். இவரு எப்படிப்பட்டவருன்னு பாக்கறதுக்காகச் செஞ்சேன்."

குணவதி அம்மாள் தாம் கொண்டுவந்த தாம்பூலத் தட்டைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திருமூர்த்திக்குக் காது சிவந்தது. எழுந்து போய், வலது கையை இடது கக்கத்தில் செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுவிட்டான்.

மங்கை தங்கையின் கையைப் பிடித்தாள். "மழை பேஞ்சுதாடி?"

"பேஞ்சுதுக்கா. ரெண்டு மாசம் நனைஞ்சாரு."

"அப்பறம்?"

"மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது. தனக்குப் பின்னால் நிற்கிற சுதாகரை அவள் திரும்பிப் பார்த்தாள். சொன்ன மாட் சரியாக வேலை செய்யவில்லை என்று அவன் சாதிக்கோடு மரியாதையாக வழக்காடிக்கொண்டிருந்தான். "நான் இன்னிக்கு அப்பாகூட நம்மூட்டுக்கு வர்றேன்" என்றாள் மங்கை, மெதுவாக, ஆனால் அவன் காதில் விழும்படி. வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றி விட்டுக்கொண்டாள். சுதாகரின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுபோனது.

நல்லசிவம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ரங்கநாயகி அவர் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"அப்பா, கீழ தை மாசத்துக்கு மண்டபம் காலியா இருக்குதான்னு கேளுங்க."

"அவருதான் வேண்டாங்கறாரே கண்ணு?"

"வேண்டாமுன்னுதான் சொல்லுவாருங்கப்பா, இன்னும் ஒரு மூணு மாசத்துக்கு. அதுவரைக்கும் நான் எங்கயும் போகாம இருக்கோணும். இருந்துருவனான்னு எனக்கே தெரியல. இருந்து பாக்கறேன்."

நல்லசிவம் ஒன்றும் புரியாமல் மாப்பிள்ளை நின்ற பக்கம் பார்த்தார். ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே திருமூர்த்தி பேசினான்.

"தை பத்தாதுங்க மாமா. இத்தன பேரு முன்னால வெச்சுச் சொல்லிட்டாங்க. மாசின்னு கேளுங்க."